ஹப்தா எவ்வளவு போவுது?

ஒரு லிஃப்டுக்குள் எட்டுப் பேர் நின்றால் எல்லோரும் மாடி எண் மாறுவதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஏதோ தேர்வு முடிவு வரப்போவதுபோல. எதிர் வீட்டு அக்கா எண்ணைப் பார்க்கமாட்டார். ஆட்களைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கேட்பார். அவரிடம் இருந்தது ஒரே கேள்வி: எவ்வளவு?

பை எவ்வளவு, செருப்பு எவ்வளவு, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, முழங்கால் ஆபரேஷனுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு. மராத்திக்காரர்களிடம் மராத்தியில், இந்திக்காரர்களிடம் இந்தியில், என்னிடம் தமிழில். மூன்று மொழியிலும் ஒரே சத்தம். பூனாவில், போசரி தொழிற்பேட்டையில், ஒரு பட்டறைக்குள் தடுப்பு வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர். சுவருக்கு அந்தப் பக்கம் நாளெல்லாம் இரும்பு அறுபடும். அதை மீறிப் பேசிப் பழகிய தொண்டை, கராடியில் எங்கள் சொசைட்டியின் அமைதியான லிஃப்டுக்குள்ளும் அதே அளவுதான் திறந்தது.

அவருக்குப் பெயர் உண்டு. சொசைட்டி வாட்ஸப் குழுவில் முழுப் பெயரும் இருந்தது. நான் மட்டும் என் ஃபோனில் 'எதிர் வீட்டு அக்கா' என்று பதிந்திருந்தேன். இப்போது அவர் எதிர் வீட்டில் இல்லை. அங்கே நாய் வளர்க்கும் ஒரு தம்பதி இருக்கிறார்கள். இருந்தாலும் ஃபோனில் பெயரை மாற்றவில்லை. மாற்றவேண்டுமா என்று அவ்வப்போது யோசிக்கிறேன். நான் எதையும் அவ்வப்போது யோசிக்கிறவள்.

நான் வளர்ந்த வீடு அக்காவுக்கு நேர்மாறு. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பா முதலில் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்துவார். என் கல்யாணச் செலவைப் பேசிய அன்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று அம்மா மிக்ஸியை ஓடவிட்டாள். பேச்சு நீண்டுவிட்டது. அந்த வாரம் முழுக்க நாங்கள் தேங்காய்ச் சட்னி சாப்பிட்டோம்.

அந்தக் கல்யாணம் ஆறு வருடம் ஓடியது. பிரியும்போது சோபா, டீவி, பெரிய கட்டில் எல்லாவற்றையும் கணவர் எடுத்துக்கொண்டார். அவற்றை வாங்கிய கடன் என் பெயரில் இருந்ததால் அதை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு பெர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு பழைய கார், ஐந்து வயது மகள் மித்ரா. இதோடு கராடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மென்பொருள் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே தவறு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

வந்த முதல் வாரமே அக்கா லிஃப்டில் வாடகை எவ்வளவு என்று கேட்டார். அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் ஆறாவது மாடிக்காரர் சொன்ன வாடகையைக் கேட்டு, அவ்வளவு கொடுக்கிறவன் ஏமாளி என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். நானும் அதே அளவுதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏமாளி என்று பெயர் எடுக்க விருப்பமில்லாமல் நாலாயிரம் குறைத்துச் சொன்னேன். அக்கா கட்டடம் முழுக்கக் கேட்கும்படி என்னைப் பாராட்டினார். ஆறாவது மாடிக்காரருக்கும் எனக்கும் வீட்டுச் சொந்தக்காரர் ஒருவரே என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் சொந்தக்காரர் ஃபோன் செய்து, எந்த மாதத்திலிருந்து நான் வாடகையைக் குறைத்துக்கொண்டேன் என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

விஷயம் தெரிந்ததும் அக்கா கோபப்படவில்லை. தொழில்நுட்ப ஆலோசனை போல ஒன்று சொன்னார்.

"பொய் சொல்றதுன்னா ஜாஸ்தியா சொல்லும்மா. கம்மியா சொன்னா ஊரே வந்து எனக்கும் அதே ரேட்ல குடுன்னு கேப்பான்."

அக்கா பூனாவிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். தமிழ் ஆம்பூர்த் தமிழ்தான், ஆனால் காய் வாங்கினால் 'பாஜி', வண்டி 'காடி', மாதத் தவணை 'ஹப்தா'. கணவர் போசரியில் சிறிதாக ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட் வைத்திருந்தார். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே விழுந்து இறந்துபோனார். இரும்புக் கடைகளுக்குப் பெரிய பாக்கி நின்றது. அக்கா அதே பேட்டையில் இன்னொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அதையெல்லாம் அடைத்தார். துபாயில் இருக்கும் அண்ணன் வாங்கிப்போட்ட வீட்டில் காவலுக்கு இருப்பதுபோலத்தான் எதிர் வீட்டில் இருந்தார். இவ்வளவையும் நான் தோண்டித் துருவித் தெரிந்துகொள்ளவில்லை. ஐந்தாவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே இரண்டே பயணத்தில் அவரே சொல்லிவிட்டார். கூட இருந்தவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

அவர் கடன் அடைத்த முறையையும் லிஃப்டில்தான் கேட்டேன். சம்பளம் வந்ததும் ஒவ்வொரு இரும்புக் கடைக்கும் நேரில் போவாராம். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகமாட்டார், வாடிக்கையாளர்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போவார். கவுன்டரில் நின்று, என் வீட்டுக்காரர் உங்களுக்கு இவ்வளவு பாக்கி, இந்த மாசம் இவ்வளவு தரேன், மீதி இவ்வளவு என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வாராம். கடைக்காரர்கள்தான் கூச்சப்பட்டு, அண்ணி முறை சொல்லி, "பாபி, மெதுவா, மெதுவா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்களாம். வட்டியைப் பற்றிப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லையாம்.

எனக்கு அதைக் கேட்கும்போதே வியர்த்தது.

என் கடனை நான் குளியலறையில் வைத்திருந்தேன். வசூல் அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தால் உள்ளே போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் கிசுகிசுப்பேன். அம்மாவின் மிக்ஸிதான், வேறு உருவத்தில். ஒரு சனிக்கிழமை அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அக்கா கையில் ஒரு சொம்பு மோரோடு நிற்கிறார். வராந்தாவில் கோடி வீட்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"வயித்துக்கு இன்னாமா? எத்தினி நாளா போவுது?"

எனக்குப் புரியவில்லை. அம்மா, ஃபோன் வந்தால் பாத்ரூமுக்கு ஓடுகிறாள், ரொம்ப நேரம் வருவதில்லை என்று மித்ரா எதிர் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அக்கா இரண்டு நாள் கவனித்துப் பார்த்து, இது வயிற்றுப்போக்குதான் என்று முடிவு கட்டியிருக்கிறார். கோடி வீட்டுக்காரர் அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார். வயிற்றுப்போக்கா கடனா, எதை ஒத்துக்கொள்வது கௌரவம் என்று நான் யோசித்தேன். உண்மையாகவே நின்று யோசித்தேன். கடைசியில் அக்காவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கடனைச் சொன்னேன்.

"அட, அவ்ளோதானா? ஹப்தா எவ்வளவு போவுது?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா."

"இன்னாத்துக்கு? கடன் தூங்குதா, எழுந்துக்கப் போவுதா?"

மோரை என்னைக் குடிக்கவைத்துவிட்டுத்தான் போனார். கொண்டு வந்ததை வீணாக்கக்கூடாதாம்.

அதற்குப் பிறகு என் திட்டத்தை அவரிடம் காட்டியது என் தவறுதான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மித்ரா அவர் வீட்டில் இருக்கும்போது நான் லேப்டாப்பில் உட்கார்ந்து கடனை அடைக்கும் திட்டம் போடுவேன். முதல் கோப்புக்குப் பெயர் 'திட்டம்'. பிறகு 'திட்டம் புதியது', 'திட்டம் கடைசி', 'திட்டம் உண்மையிலேயே கடைசி'. லோனுக்கு நீலம், கார்டுக்குச் சிவப்பு, தவிர்க்கமுடியாத செலவுக்கு மஞ்சள், தவிர்க்கமுடியும் ஆனால் தவிர்த்தால் மனசு கேட்காது என்கிற செலவுக்கு இளமஞ்சள். மாதம் முடிய மிச்சம் வந்தால் அந்தக் கட்டம் தானாகப் பச்சையாகும்படி செய்திருந்தேன். ஒரு மாதமும் ஆகவில்லை. அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைச் சற்று நேரம் பார்த்தார்.

"இது கடனா, ரங்கோலியா?"

இருந்தாலும் அந்தத் திட்டத்தைக் கெடுத்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்லவேண்டும். சங்கராந்தி முடிந்த வாரங்களில் இங்கே வீட்டுக்கு வீடு ஹல்தி குங்கு நடக்கும். பெண்களை அழைத்து மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டையும் ஏதாவது ஒரு சிறு பொருளும் கொடுப்பார்கள். அந்தப் பொருளுக்கு 'வாண்' என்று பெயர். எனக்கும் அழைப்பு வந்தது. கணவனைப் பிரிந்தவள் போகலாமா, போனால் ஏதாவது நினைப்பார்களா, போகாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று இணையத்தில் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். கணவனை இழந்த அக்கா, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, சலோ சலோ என்று என் கதவைத் தட்டினார். கூப்பிடாத வீடுகளுக்கும் போனார். வாண் டப்பாவைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்து, "கிதி லா கேத்லா?" என்று வாங்கிய விலையை மராத்தியில் கேட்டார். முதலில் தயங்கியவர்கள்கூட, பேரம் பேசி வாங்கிய கதையைச் சொல்லும் ஆசையில் அவரை உட்காரவைத்துக்கொண்டார்கள்.

ஏழெட்டு வீட்டில் டப்பா வாங்கிக்கொண்டு நான் ஒன்றும் செய்யாமல் இருக்கமுடியுமா? திட்டத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. ஆனால் கடன்காரி என்று யாருக்காவது சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயத்தில், கேம்ப் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய், மற்ற எல்லோருடையதையும்விட நல்லதாக, கிளிப் வைத்த ஸ்டீல் டப்பாக்கள் வாங்கினேன். கார்டில். அதாவது கடன் இல்லாதவளாகத் தெரிவதற்காகக் கடன் வாங்கினேன்.

என் வீட்டு ஹல்தி குங்குவில் அக்கா டப்பாவைத் தூக்கிக் காட்டி விலை கேட்டார். முப்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உண்மை விலையைச் சொன்னால் பகட்டுக்காரி என்பார்கள் என்று தோன்றியது. பாதி விலை சொன்னேன். பொய் சொன்னால் கூட்டிச் சொல்லவேண்டும் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லித் தரப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

"இந்த விலைக்கா? அரே வாஹ். எங்க பேட்டைல லேடீஸுக்கெல்லாம் குடுக்கணும். எனக்கு ஒரு நாப்பது வாங்கியா."

பாதி விலைக்கான பணத்தை அங்கேயே என் ஃபோனுக்கு அனுப்பியும்விட்டார். மறு சனிக்கிழமை கேம்ப்புக்குப் போய் முழு விலை கொடுத்து நாற்பது டப்பா வாங்கி வந்தேன். மீதிப் பாதி என் கார்டில் ஏறியது. அதைத் திட்டத்தில் எந்த நிறத்தில் போடுவது என்று தெரியாமல் புதிதாக ஒரு ஊதா நிறத்தைச் சேர்த்தேன். சில நாள் கழித்து அக்கா இன்னும் பத்து வாங்க நேரில் அதே கடைக்குப் போயிருக்கிறார். விலையைக் கேட்டு, எங்க பொண்ணுக்கு ஒரு ரேட் எனக்கு ஒரு ரேட்டா என்று தெருவே திரும்பும்படி சண்டை போட்டிருக்கிறார். கடைக்காரர் பழைய பில்லை எடுத்துக் காட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் வந்து பாக்கிப் பணத்தை என் மேஜைமேல் வைத்தார். அவர் என்னை நேராகத் திட்டியது அந்த ஒரு தடவைதான். பைத்தியமா நீ என்று ஆரம்பித்து, மூன்று மொழியிலும் திட்டினார். மித்ரா கைகொட்டிச் சிரித்தாள்.

இவ்வளவு சிரிப்புக்கும் கீழே விஷயம் வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் கார்டு ஒன்றுக்குக் குறைந்தபட்சத் தொகைகூட முழுதாகக் கட்டமுடியவில்லை. ஜூனில் பள்ளி திறந்தால் மித்ராவுக்கு ஒன்றாம் வகுப்பு ஃபீஸ், வேன், நான் ஆபீஸிலிருந்து வரும்வரை டேகேர். கும்பகோணத்தில் அம்மாவுக்கு என் கடனில் பாதியைத்தான் சொல்லியிருந்தேன். அந்தப் பாதிக்கே அவள், குழந்தையை ரெண்டு வருஷம் இங்கே விட்டுடு, நீ நிம்மதியாக் கட்டி முடி என்றாள். அப்பா அங்கே ஒரு பள்ளியில் பேசியும் வைத்துவிட்டார், வாசல் கதவைச் சாத்திவிட்டு.

அடுத்த ஞாயிறு நான் அதைத் திட்டத்தில் போட்டுப் பார்த்தேன். ஃபீஸ் போனது, டேகேர் போனது, வேன் போனது, சின்ன வீட்டுக்கு மாறலாம் என்பதால் வாடகையில் பாதி போனது. பெட்ரோலுக்கும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு வரி சேர்த்து, 'மித்ரா – கும்பகோணம்' என்று அடித்தேன். கட்டங்கள் மேலிருந்து கீழாகப் பச்சையாகிக்கொண்டே போயின. ஒரு வருடத்துக்கும் மேலாக நான் காத்திருந்த காட்சி. இருபத்துமூன்றாம் மாதத்தில் கடன் பூஜ்யம். அந்த வரிக்கு மட்டும் நிறம் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டு வெளிர் ரோஜா நிறத்தைக் கொடுத்தேன், அது அவளுக்குப் பிடிக்கும் என்று.

அக்காவுக்கு மிகவும் திருப்தி. லிஃப்டில் எல்லோருக்கும் அறிவித்தார்.

"இவ பொண்ணை ஊருக்கு அனுப்புறா. கரெக்ட் ஹிஸாப். நானும் அப்படித்தான். என் பையனை ஆறு வயசுல ஆம்பூர்ல என் தங்கச்சி வூட்ல வுட்டேன். ஏழு வருஷத்துல ஒரு பைசா பாக்கியில்ல."

கடன் தீர்ந்தபோது அந்தப் பையன் எட்டாம் வகுப்பு. இடையில் பள்ளி மாற்றினால் படிப்பு கெடும் என்று அங்கேயே இருந்தான். பிறகு வேலூரில் கல்லூரி. பிறகு ஓசூரில் வேலை. எல்லாம் லிஃப்டில் கேட்டதுதான். அதற்கு மேல் அவனைப் பற்றி அக்கா ஒன்றும் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எதையும் இரண்டு தரம் யோசிக்கிறவள், யோசிக்கவேண்டியதை ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. நானும் மித்ராவும் போக, நான் மட்டும் திரும்ப, சென்னை வழியாக ரயில் டிக்கெட் போட்டேன்.

மே மாதம் அந்தப் பையன் இரண்டு நாள் லீவில் வந்தான். அக்கா ஒரு வாரமாகத் தயாரானார். மட்டன் என்ன விலை, சீரகச் சம்பா என்ன விலை, ஆம்ரஸ் கூழுக்கு வாங்கிய ஹாபூஸ் மாம்பழம் டஜன் என்ன விலை என்பதெல்லாம் கட்டடத்துக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிட்டார்.

பையன் நல்ல பையன். அமைதி, திருத்தமான தாடி, அயர்ன் செய்த சட்டை. அவன் பை வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஜிப் போட்டபடி இருந்தது. அதன்மேல் துண்டு நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. என் ஆபீஸ் எப்படி, பூனாவில் மழை எப்போது ஆரம்பிக்கும் என்றெல்லாம் கேட்டான். அம்மா பரிமாறும்போது ஒவ்வொரு கரண்டிக்கும் போதும்மா, தேங்க்ஸ்மா என்றான். பாதிச் சாப்பாட்டில் அவனுக்கு விக்கியது. எழுந்து சமையலறை வாசல்வரை போய் நின்றான்.

"அம்மா, ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா? ஐஸ் தண்ணி வேணும்."

அவன் கேட்டு முடிப்பதற்குள் மித்ரா அவன் கைக்குக் கீழே புகுந்து ஓடினாள். அவள் தினமும் செய்கிற காரியம் அது. இரண்டு கையாலும் ஃப்ரிட்ஜ் கதவை இழுத்துத் திறந்து, இரண்டாவது தட்டில் மூடி வைத்திருந்த ஆம்ரஸ் கிண்ணத்தை எடுத்து, விரலை விட்டு நக்கிக்கொண்டு, காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

பையன் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டான். சிரித்தான்கூட. அக்கா கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

எனக்கு அந்த நேரத்தில் முதலில் என்ன தோன்றியது என்றால், குழந்தைக்கு மரியாதை சொல்லித் தராமல் விட்டுவிட்டேனே என்பதுதான். அப்படிப்பட்ட புத்தி. "மித்ரா, அண்ணா மாதிரி கேட்டுட்டு எடுக்கணும்" என்று அதட்டினேன்.

"அவளைச் சொல்லாதம்மா," என்றார் அக்கா. "அவ கேக்க வேணாம்."

அந்த வீட்டில் மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பிறகு பையனிடம் அதைவிட மெதுவாக, "எடுத்துக்கோப்பா" என்றார். அவன் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே லேபிள் முன்னால் தெரியும்படி வைத்தான். சாப்பிட்டதும் தன் தட்டைக் கழுவித் துடைத்து, இதை எந்தப் பக்கம் வைக்கணும் என்று கேட்டான். சாயங்காலம் கிளம்பும்போது என்னிடம் வந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொன்னான். அக்கா லிஃப்டுக்குள் அவனோடு இறங்கிப் போனார். ஐந்து மாடிக்கும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

மறுநாளும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் மூன்றாவது மாடிப் பெரியவர் என்னிடம் அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. எங்கள் ரயில் என்றைக்கு என்று கேட்டார். கேன்சல் பண்ணிவிட்டேன் என்றேன். உண்மையில் அப்போது பண்ணியிருக்கவில்லை. இரண்டு நாளாக ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சொல்லிவிட்டதால் அவர் போனதும் பண்ணவேண்டியதாயிற்று. எனக்குப் பலன் தந்த ஒரே பொய் அதுதான்.

"கேன்சல்ல எவ்வளவு போச்சு?"

ஒரு தொகையை உத்தேசமாகச் சொன்னேன். இந்த முறை கூட்டியே சொன்னேன்.

"கடன்?"

"இன்னும் ரெண்டு மூணு வருஷம் கூட இழுக்கும்க்கா."

"இழுக்கட்டும். போவட்டும்," என்றார். பணத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து 'போவட்டும்' என்று கேட்டது அது ஒரு தடவைதான். தன் பையனைப் பற்றி அன்றும் ஒன்றும் சொல்லவில்லை. மித்ரா இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்து, அவளை அழைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார்.

வெளிர் ரோஜா வரியை எடுத்தேன். பச்சையெல்லாம் கீழிருந்து மேலாகச் சிவந்தது. எதையாவது எடுத்துத்தானே ஆகவேண்டும் என்று மேல் வரியைப் பார்த்தேன், பெட்ரோல். காரை விற்றேன். ஆபீஸ் மூன்று கிலோமீட்டர்தான். கராடியில் காரில் போனாலும் ஷேர் ஆட்டோவில் போனாலும் சேருகிற நேரம் ஒன்றே என்பது முன்பே தெரிந்திருக்கவேண்டும், தெரியவில்லை. வங்கிக்கு நானே போனேன். கவுன்டரில் எனக்குப் பின்னால் ஏழு பேர் நிற்கும்போது, என் பாக்கி இவ்வளவு, என்னால் மாதம் இவ்வளவுதான் முடியும், தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று சொன்னேன். அக்காவின் முறை அவ்வளவு அழகாக வேலை செய்யவில்லை. யாரும் டீ வாங்கித் தரவில்லை. டோக்கன் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் நீட்டித் தந்தார்கள். கும்பகோணத்துக்கு ஃபோன் செய்து மீதிப் பாதிக் கடனையும் சொன்னேன். அம்மா பதறி, எதுக்கு இப்படிக் கத்தறே, அக்கம்பக்கத்தில் கேட்காதா என்றாள்.

அடுத்த வருடம் துபாய் அண்ணன் எதிர் வீட்டை விற்றார். பையன் ஓசூருக்கு வந்துவிடும்படி கூப்பிட்டானாம். அக்கா சாமான்களை ஒவ்வொன்றாக விலை சொல்லி லிஃப்டிலேயே விற்று முடித்தார். ஃப்ரிட்ஜை மட்டும் யாருக்கும் தரவில்லை. என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார். சும்மா எடுத்துக்கோ என்பார் என்று நினைத்தேன். மூவாயிரம் என்றார். நான் முழித்ததும், "சரி, ஹப்தால குடு" என்றார். என் திட்டத்தில் இன்னொரு கடன் ஏறியது.

ஓசூருக்குப் போன பிறகு வாரம் ஒரு ஃபோன் வரும். வேறு யாரோ பேசுவதுபோல இருக்கும். நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொள்ளவேண்டியிருந்தது. அவன் தூங்குறான், அவன் வேலையில் இருக்கான், அவன் வூடு இல்லியா என்று கிசுகிசுப்பார். எவ்வளவு என்றே கேட்கமாட்டார். ஃப்ரிட்ஜ் தவணையைக்கூடக் கேட்கவில்லை. நான் ஊருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டது மித்ராவை. இவரை யாரோ ஊருக்கு அனுப்பிவிட்டதுபோல இருந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு, காய் வாங்கிக்கொண்டு கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தேன். கூட ஏழெட்டுப் பேர். ஃபோன் அடித்தது. 'எதிர் வீட்டு அக்கா'. வழக்கம்போலக் காதில் அழுத்தி வைத்தேன். உடனே கை நீளத்துக்கு விலக்கவேண்டியதாயிற்று.

"ஏம்மா, இன்னைக்கு அவன் என்னைத் திட்டிட்டான்மா!"

சொசைட்டி முழுவதுக்கும் கேட்டது. காலையில் அக்கா அவனுடைய ஃப்ரிட்ஜைத் திறந்து, ஜிம்முக்குப் போய்விட்டு வந்து குடிக்க அவன் எடுத்து வைத்திருந்த தயிரை மோராக்கிக் குடித்துவிட்டாராம். கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று அவன் கத்தினானாம். அவரும் கத்தினாராம். தயிர் அரை லிட்டர் எவ்வளவு தெரியுமா என்று அவன் விலையைச் சொல்லிக் கத்தினானாம். "என் புள்ளம்மா," என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் ஓர் ஆண் குரல், ஏம்மா ஊருக்கே சொல்லிட்டிருக்கே, ஃபோனை வை என்றது.

"நீ சும்மா இருடா. சரிம்மா, உன் ஹப்தா இன்னும் எவ்வளவு?"

ஏழெட்டுப் பேரும் லிஃப்டின் எண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றுவிட்டிருந்தது, எண் மாறவே இல்லை. நான் சொன்னேன். லோன் இவ்வளவு, கார்டு இவ்வளவு, ஃப்ரிட்ஜில் பாக்கி எண்ணூறு, எண்களெல்லாம் எல்லோருக்கும் புரியும் ஆங்கிலத்தில். ஒரு ரூபாய் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

ஃபோனை வைத்தபோது லிஃப்ட் வந்தது. எல்லோரும் ஏறினோம். மூன்றாவது மாடிப் பெரியவர் எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் இந்தியில் சொன்னார், அவர்கள் வீட்டு லோன் முடிய இன்னும் பதினோரு வருடம் இருக்கிறதாம்.